வேற தோல் கிடைக்காது பாஸ்!

என் இடது புருவத்துல ஒரு ‘கேப்’ இருக்கு. ரெண்டாம் கிளாஸ் படிக்கும்போது, ஆலங்காயம் வீட்டு வாசப்படியில தடுக்கி விழுந்ததுக்குக் கிடைச்ச பரிசு. மூணு தையல். தையல் போட்ட இடத்துல அதுக்கப்புறம் முடி முளைக்கவே இல்லை. ஸ்கூல்ல எனக்கு ‘பாதிப் புருவம்’னு பேரு. இன்ஜினீயரிங் காலேஜ் வந்ததும் பசங்க கொஞ்சம் டெவலப் ஆகி, ‘பள்ளிகொண்டா டோல்கேட்’னு மாத்திட்டாங்க. நடுவுல வண்டி போற அளவுக்கு வழி விட்டிருக்காம்!

சிரிச்சுட்டுப் போயிடுவேன். ஆனா, ஒவ்வொரு குரூப் போட்டோவிலும் இடது பக்கம் முடியை இழுத்து விட்டுக்கிட்டு நிக்கிறது எனக்கு மட்டும்தான் தெரியும். வர்ற வருஷம் பிளேஸ்மென்ட் வேற. ஹெச்.ஆர். என் ரெஸ்யூமைப் பார்ப்பாரா, புருவத்தைப் பார்ப்பாரானு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எல்லாம் கவலை வரும்.

அந்த நேரத்துலதான் இன்ஸ்டாவுல அந்த ரீல் வந்து நின்னுச்சு. ‘பர்மனென்ட் மேக்கப்! ரெண்டே மணி நேரம், வலியே இல்லை, மூணு வருஷத்துக்கு நோ டென்ஷன்!’ பக்கத்து டவுன்ல ஒரு பார்லர். ஒருத்தருக்கு 8,000 ரூபாய். தோழியைக் கூட்டிட்டு வந்தா ஆளுக்கு 6,000. இன்டர்ன்ஷிப் பணத்துல நான் சேர்த்து வெச்சிருந்தது 6,500. இதைவிட ஒரு பொருத்தம் கல்யாணத்துக்குக்கூட அமையாது. ரூம்மேட்டைத் தூண்டிவிட்டேன். அவளும் ரெடி!

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். ராத்திரி சாப்பாட்டு நேரத்துல மெதுவா பேச்சை எடுத்தேன். அம்மா கரண்டியைக் கீழ வெச்சிட்டாங்க. ஆயா, “இன்னாடி இது, மூஞ்சில ஊசி குத்திக்கிறதா?”ன்னு ஆரம்பிச்சுது. அப்பா மட்டும் எதுவும் பேசல. ரசம் ஊத்தி, சாப்பிட்டு முடிச்சு, கை கழுவிட்டு வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அந்தச் சாயத்துக்கு டெஸ்ட் ரிப்போர்ட் கீதா பாப்பா?”

நான் ஙே!

அப்பாவோட டேனரி பாடம்

எங்க அப்பாவுக்கு வாணியம்பாடியில ஒரு டேனரியில ஃபினிஷிங் செக்‌ஷன் வேலை. 26 வருஷமா தோலுக்குக் கலர் கொடுக்கிறதுதான் அவர் பொழைப்பு. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பிறந்த பசங்களுக்கு இது புதுசு இல்லை. நம்ம வீடுகள்ல பாதி, தோல்லயும் ஷூவுலயும்தான் ஓடுது. ஆனா, அன்னிக்குத்தான் அப்பாவோட வேலையை முழுசா உட்கார்ந்து கேட்டேன்.

“ஆட்டுத்தோல் வந்ததும் இன்னா பண்ணுவோம்? ஊறவெச்சு, சுண்ணாம்புல போட்டு முடியையும் மேல்தோலையும் எடுத்துடுவோம். அடியில ஒட்டியிருக்கிற சதையையும் சீவிடுவோம். மிச்சம் நிக்கிறது நடுத்தோல். அதுதான் லெதர். சாயம் அதுலதான் புடிக்கும். மேல்தோல்ல கலர் ஏத்தினா நிக்காது பாப்பா. உன் பார்லர்லயும் அந்த நடுத்தோல்லதான் சாயத்தை ஏத்தப் போறாங்க. இல்லைன்னா மூணு வருஷம் எப்படி நிக்கும்?”

அப்புறம் அவர் சொன்னது எல்லாமே எங்க ஏரியா சரித்திரம். 1990-கள்ல ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை பண்ணிடுச்சு. அசோ சாயம்னா பளிச்னு சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் கொடுக்கிற ரசாயனக் குடும்பம். அதுல சில வகை உடைஞ்சா ‘அரோமேட்டிக் அமீன்’னு ஒண்ணு வெளியே வரும். அந்த அமீன்கள்ல சிலது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. தோல் செருப்பு, பை, வாட்ச் ஸ்ட்ராப்னு உடம்புல படுற பொருள்ல அது இருக்கவே கூடாதுனு ஆர்டர். நம்ம ஊர் டேனரிகள் சாயத்தையே மாத்த வேண்டியதாச்சு. பிறகு, 2002-ல ஐரோப்பிய யூனியன் முழுக்க இதுக்குச் சட்டம் போட்டு, 2003-ல அமலுக்குக் கொண்டுவந்தாங்க. ஒரு கிலோ தோல்ல அந்த அமீன் 30 மில்லி கிராமுக்கு மேல இருந்தா சரக்கு ரிஜெக்ட்!

அதோட விடலை. 2015 மே மாசத்துலேர்ந்து இன்னொரு விதி. தோல் பதனிடுறதுக்குப் போடுற குரோமியம், சில சமயம் ‘குரோமியம் ஆறு’னு ஒரு ஆபத்தான வடிவத்துக்கு மாறிடும். தோல்ல அலர்ஜியைக் கிளப்புற ஆசாமி. அது ஒரு கிலோ தோல்ல 3 மில்லி கிராமைத் தொட்டாலே சரக்கு அங்கே விக்கக் கூடாது. இதுக்காக ஒவ்வொரு லாட்லயும் துண்டு வெட்டி, லேபுக்கு அனுப்பி, ரிப்போர்ட் கையில வந்த பிறகுதான் கன்டெய்னர் ஏறும்.

“செத்துப்போன ஆட்டோட தோலுக்கே இவ்ளோ கேள்வி கேக்குறான் வெள்ளைக்காரன். உயிரோட கீற என் பொண்ணு தோலுக்கு நான் ஒரு கேள்வி கேக்கக் கூடாதா?”

எனக்குப் பதில் வரலை. போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சேன். அப்போ கண்ணுல பட்ட ஒரு விஷயம்தான் இந்தக் கட்டுரையை எழுத வெச்சது. டாட்டூ மை, பர்மனென்ட் மேக்கப் மை ரெண்டுக்கும் ஐரோப்பா முழுமைக்குமான ரசாயனக் கட்டுப்பாடு எப்போ அமலுக்கு வந்துச்சு தெரியுமா? 2022 ஜனவரி! அதுல 4,000-க்கும் மேற்பட்ட ரசாயனங்களுக்குத் தடையோ வரம்போ போட்டிருக்காங்க. அதாவது, ஷூவுக்குக் கேட்ட கேள்வியை மனுஷ மூஞ்சிக்குக் கேட்க அவங்களுக்கே 18 வருஷம் ஆகியிருக்கு.

நம்ம நாட்டுல? 2025-ல கர்நாடக சுகாதார அமைச்சர் தினேஷ் குண்டுராவ், டாட்டூ மை மாதிரிகள்ல உலோகங்கள் இருந்ததாகச் சொல்லி, இதுக்குத் தர நிர்ணயம் வேணும்னு ஒன்றிய அரசைக் கேட்கப்போறதா அறிவிச்சார். அமெரிக்காவுலயும், தோலுக்குள்ள செலுத்துறதுக்குனு எந்த நிறமியையும் எஃப்.டி.ஏ. எனப்படும் அவங்க உணவு, மருந்து நிர்வாகம் இதுவரைக்கும் அங்கீகரிச்சது கிடையாது. ஸோ, ‘எஃப்.டி.ஏ. அப்ரூவ்டு மை’னு யாராவது போர்டு வெச்சிருந்தா, அங்கேயே யூ டர்ன் போடலாம்.

ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். பர்மனென்ட் மேக்கப் போட்டா கேன்சர் வரும்னு யாரும் நிரூபிக்கலை. பயமுறுத்த வரலை. உள்ளே போறது என்னன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்கன்னுதான் சொல்ல வர்றேன்.

ஊசி எங்கே போகுது?

பேர்ல ‘மேக்கப்’னு இருக்கிறதாலதான் பாதிக் குழப்பமே. இது மேக்கப் கிடையாது. பச்சை குத்துறதுதான். புருவத்துக்கு மைக்ரோபிளேடிங்னா, வரிசையா நுண்ணிய ஊசிகள் வெச்ச பேனா மாதிரி ஒரு கருவியால, முடி முடியாகக் கீறி, அந்தக் கீறல்ல மையை இறக்குவாங்க. பவுடர் பிரோஸ்னா மெஷின் ஊசியால புள்ளி புள்ளியா வைப்பாங்க. உதட்டுக்கு லிப் பிளஷ். இமை ஓரத்துக்கு ஐலைனர். பேர் எதுவானாலும் ரூட் ஒண்ணுதான்... தோலுக்குள்ள!

மேல்தோல் ஏறக்குறைய மாசத்துக்கு ஒரு தடவை தன்னைப் புதுப்பிச்சுக்கும். பழசு உதிர்ந்துடும். அதனாலதான் மருதாணி ரெண்டு வாரத்துல காணாமப் போகுது. நடுத்தோல்ல அப்படி இல்லை. மை உள்ளே போனதும், ‘எவன்டா இவன் வெளியாளு’ன்னு நம்ம எதிர்ப்பு செல்கள் ஓடி வந்து மைத்துகளை முழுங்கிடும். ஆனா, ஜீரணிக்க முடியாது. அப்படியே வயித்துல வெச்சுக்கிட்டு அங்கேயே உட்கார்ந்துடும். அந்த செல் செத்தா, பக்கத்துல வர்ற புது செல் அதே மையைத் திரும்ப முழுங்கும். பிரெஞ்சு விஞ்ஞானிகள் 2018-ல எலிகளை வெச்சு இதைக் காட்டினாங்க. பச்சை அழியாம நிக்கிற ரகசியம் இந்த ரிலே ரேஸ்தான்.

‘அப்போ ஏன் மூணு வருஷத்துல மங்குது?’ன்னு கேட்பீங்க. பர்மனென்ட் மேக்கப்புல மையைக் கொஞ்சம் மேலாப்புல வைப்பாங்க. வெயில் வேற முகத்துல நேரா அடிக்கும். வேலூர் வெயிலைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? அதனால மங்கும். ஆனா, மங்குறதும் அழியறதும் ஒண்ணு இல்லை. சிலருக்கு நிழல் மாதிரி பல வருஷம் நிக்கும்.

அக்காவோட செங்கல் புருவம்

இதுக்கு எங்க வீட்லயே உதாரணம் இருக்கு. பெரியம்மா பொண்ணு. மூணு வருஷம் முன்னாடி கல்யாணம். முகூர்த்தத்துக்குச் சரியா பத்து நாள் முன்னாடி, யாருக்கும் சொல்லாம ஒரு பார்லர்ல புருவம் செஞ்சுட்டு வந்துட்டா.

முதல் ரெண்டு நாள், ஸ்கெட்ச் பேனாவால வரைஞ்ச மாதிரி கறுப்பா இருந்துச்சு. “இது செட் ஆயிடும்”னு பார்லர்ல சொல்லியிருந்தாங்க. அது உண்மைதான். ஆரம்பத்துல கலர் தூக்கலாத்தான் இருக்கும். ஆனா, அதுக்கடுத்த ஒரு வாரம், பத்து நாள் பொருக்கு கட்டி உதிரும்ங்கிறதை அவளுக்கு யாரும் சொல்லலை. நிஜமான கலர் தெரிய நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும்ங்கிறதையும் சொல்லலை. நலங்கு வெக்கிற அன்னிக்குப் பொருக்கு அரிக்க ஆரம்பிச்சுடுச்சு. பிச்சுட்டா. பிச்ச இடத்துல மையும் சேர்ந்து வந்துடுச்சு. முகூர்த்த போட்டோவுல புருவம் திட்டுத் திட்டா இருக்கும். போட்டோகிராஃபர் பாவம், ஆல்பம் முழுக்க கம்ப்யூட்டர்லயே புருவம் வரைஞ்சார்!

அதோட முடியலை. ஒன்றரை வருஷம் கழிச்சு, புருவம் மெள்ள மெள்ள செங்கல் கலருக்கு மாற ஆரம்பிச்சுது. புருவத்துக்கான பிரவுன் மையில பெரும்பாலும் கறுப்பு, சிவப்பு, மஞ்சள்னு பல நிறமிகளைக் கலந்திருப்பாங்க. எல்லாம் ஒரே வேகத்துல மங்காது. கறுப்பு முதல்ல கழண்டுக்கிட்டா, மிச்சம் நிக்கிறது சிவப்பு. வெறும் கார்பன் கறுப்பா இருந்தா, நீலச் சாம்பல் அடிக்கும். ரெண்டுமே புருவத்துக்குப் பொருத்தமான கலர் கிடையாது.

‘லேசர்ல எடுத்துடலாம்’னு கிளம்பினா. ஒரு தோல் டாக்டர் முதல்ல ஒரு மூலையில மட்டும் சின்னதா டெஸ்ட் பண்ணினார். அந்த இடம் அப்படியே கறுத்துடுச்சு! அக்கா அழுதே விட்டா. டாக்டர் சொன்ன விளக்கம் பிளஸ் டூ கெமிஸ்ட்ரிதான். இந்த மைகள்ல இரும்பு ஆக்சைடு இருக்கும். வெளிர் ஷேடுகள்ல டைட்டானியம் டை ஆக்சைடும் சேரும். லேசர் சூடு பட்டா இது ரெண்டும் ரிடக்‌ஷன் ஆகி, பட்டுனு கறுத்துடும். ‘ஃபெரிக் டு ஃபெரஸ்’னு பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணினோமே, அதேதான். அதுக்கப்புறமும் பல தடவை உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாத்தான் எடுக்கணும். போட்டதுக்கு ஆன செலவைவிட அழிக்க ஆகிற செலவு எத்தனையோ மடங்கு.

அக்கா இப்போ தினமும் காலையில, அந்தச் செங்கல் புருவத்து மேல பென்சில் போட்டு மறைச்சுட்டுத்தான் வேலைக்குப் போறா. மேக்கப்பே வேணாம்னுதான் பர்மனென்ட் மேக்கப் போட்டா. இப்போ அதை மறைக்க ஒரு மேக்கப்!

ஆயாவோட பொட்டு

அன்னிக்கு ராத்திரி ஆயா பக்கத்துல படுத்திருந்தேன். ஆயா நெத்தியில ஒரு பச்சைப் பொட்டு உண்டு. பிறந்ததுலேர்ந்து பார்க்கிறதால அதைப் பத்தி நான் கேட்டதே இல்லை. அன்னிக்குக் கேட்டேன்.

“ஒம்பது வயசு எனக்கு. திருவிழாவுக்குப் பச்சை குத்துற குறத்தியம்மா வந்துது. விளக்குக் கரியை ஏதோ எலைச் சாத்துல கொழைச்சு, ரெண்டு மூணு ஊசியைச் சேர்த்துக் கட்டி, குத்திச்சு. எங்கம்மா என் தலையைப் புடிச்சிக்கிச்சு. நான் வேணாம் வேணாம்னு கத்துறேன். அந்தம்மா பாட்டு பாடிக்கிட்டே குத்துது. என்னை யாருடி கேட்டா?”

அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு. குண்டுமணி அளவு இருந்த பொட்டு, ஓரம் கரைஞ்சு, கறுப்பு போய்ப் பச்சை நீலமா நிக்குது.

“அழிக்கணும்னு தோணுச்சா ஆயா?”

ஆயா கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் சொல்லுச்சு. “ஒங்க தாத்தா செத்த அன்னிக்கு, பூவெல்லாம் எடுத்தாங்க. வளையலை ஒடைச்சாங்க. பொட்டைத் தொடைன்னாங்க. குங்குமத்தைத் தொடைச்சா அடியில இது நிக்குது. ஒருத்தி ஈரத்துணி வெச்சுத் தேய்தேய்னு தேய்ச்சா. போவல. அன்னிக்குத்தான்டி இந்தப் பொட்டு எனக்குப் புடிச்சுது.”

எனக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு. அழியாதுங்கிறதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்குனு அன்னிக்குப் புரிஞ்சுது. நாம ஒண்ணை நினைச்சுக் குத்திக்கிறோம். வாழ்க்கை வேற எங்கேயோ கொண்டு போய் நிறுத்துது. அப்பவும் அது நெத்தியில நிக்கும். ஆயாவுக்கு அது துணையா நின்னுச்சு. அக்காவுக்குத் தலைவலியா நிக்குது. ஆயாகிட்ட யாரும் கேட்கலை. அக்காவுக்கு யாரும் சொல்லலை. எனக்கு மட்டும்தான் கேட்டுத் தெரிஞ்சுக்க நேரம் இருந்துச்சு.

பார்லர்ல ஒரு வைவா!

திங்கட்கிழமை பார்லருக்குப் போனேன். புருவம் செய்ய இல்லை. கேள்வி கேட்க! அப்பாவோட உட்கார்ந்து லிஸ்ட் போட்டிருந்தேன். உங்களுக்கும் உதவும், கட் பண்ணி வெச்சுக்கங்க.

1. மை பாட்டிலைக் காட்டுங்க. கம்பெனி பேர், லாட் நம்பர், காலாவதி தேதி, என்னென்ன நிறமி கலந்திருக்குங்கிற விவரம் எல்லாம் லேபிள்ல இருக்கணும். லேபிள் இல்லாத பாட்டில்னா, பேச்சு அங்கேயே முடிஞ்சுது. 2003-லயும் 2004-லயும் அமெரிக்காவுல ‘பிரீமியர் பிக்மென்ட்’னு ஒரு பிராண்டோட சில ஷேடுகளைப் போட்டுக்கிட்டவங்களுக்கு வீக்கம், வெடிப்பு, தோல் உரியறது, கட்டினு 150-க்கும் மேற்பட்ட புகார்கள் எஃப்.டி.ஏ.வுக்கு வந்துச்சு. எல்லாமே பர்மனென்ட் மேக்கப் மை. எந்த ஷேடுனு பேரோட சொல்லி எச்சரிக்க முடிஞ்சதுக்குக் காரணம், பாட்டில்ல பேர் இருந்ததுதான்.

2. ஊசி என் கண் முன்னாடி பிரிக்கப்படுமா? ஒரு தடவை மட்டும் பயன்படுத்துற ஊசி, சீல் உடையாம இருக்கணும். ஹெபடைட்டிஸ் பி, சி, ஹெச்.ஐ.வி. எல்லாமே ரத்தம் பட்ட ஊசி வழியா பரவக்கூடியது. மையையும் ஒவ்வொருத்தருக்கும் தனிக் கிண்ணத்துல ஊத்தணும். ஒரே கிண்ணத்துல ரெண்டு பேருக்குத் தொட்டா, புது ஊசிக்கு அர்த்தமே இல்லை.

3. மையில தண்ணி கலப்பீங்களா? இது சின்னக் கேள்வி மாதிரி தெரியும். 2011-ல நியூயார்க் மாகாணத்துல ராச்செஸ்டர்னு ஒரு ஊர்ல, டாட்டூ போட்டுக்கிட்ட 19 பேருக்கு ஒரே மாதிரி தோல் தொற்று வந்துச்சு. ஊசி சுத்தம், கடை சுத்தம். தேடிப் பார்த்தா, கம்பெனியில இருந்து வந்த சாம்பல் கலர் மையிலேயே கிருமி! சுத்திகரிக்கப்பட்ட தண்ணிக்கும் கிருமி நீக்கின தண்ணிக்கும் வித்தியாசம் இருக்கு பாஸ். கேன் தண்ணியில கலக்குற மை தோலுக்குள்ள போகவே கூடாது.

4. பேட்ச் டெஸ்ட் உண்டா? காதுக்குப் பின்னாடி சின்னதா வெச்சு, சில நாளாவது கழிச்சுத்தான் முகத்துக்கு வரணும். டெஸ்ட்ல ஒண்ணும் ஆகலைன்னா நூறு சதவிகிதம் கேரன்டினு அர்த்தம் இல்லை. மாசக்கணக்கு, வருஷக்கணக்கு கழிச்சும் அலர்ஜி வந்தவங்க உண்டு. ஆனா, டெஸ்ட்டே பண்ண மாட்டேன்னு சொல்ற இடத்தைவிட, பண்றேன்னு சொல்ற இடம் மேல்.

5. ஆறு மாசம், ஒரு வருஷம் ஆன கஸ்டமர் போட்டோ இருக்கா? செஞ்சு முடிச்ச அன்னிக்கு எடுத்த போட்டோவுல எல்லாரும் சினிமா ஹீரோயின்தான். ஆறின பிறகு எப்படினு பார்க்கணும். அதுவும் நம்ம மாதிரி மாநிறம், கறுப்பு நிறத் தோல்ல. நம்ம தோல்ல காயம் ஆறின இடம் கறுக்கிறது ரொம்ப சகஜம்.

அங்கே இருந்த பொண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். நல்ல பொண்ணு. ஊசியைப் பத்திச் சரியா பதில் சொன்னா. புது பாக்கெட்டையும் காட்டினா. மை பாட்டிலைக் கேட்டதும் தயங்கினா. சின்னதா ஒரு டப்பா. மேல மார்க்கர்ல ‘டார்க் பிரவுன்’னு எழுதியிருந்துச்சு. அவ்ளோதான். “பெரிய பாட்டில்லேர்ந்து மேடம் ஊத்தி வெப்பாங்க அக்கா. எங்கே வாங்குறாங்கன்னு எனக்குத் தெரியாது. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை”ன்னா.

அவ மேல தப்பு சொல்ல மாட்டேன். யாரும் கேட்டதில்லைன்னு அவ சொன்னாளே, அதுதான் விஷயம். ஜெர்மனிக்காரன் கேட்டதாலதான் எங்க அப்பா டேனரியில ரிப்போர்ட் வந்துச்சு. நாம கேட்டாத்தான் பார்லர்ல லேபிள் வரும்.

‘வெயிட் பண்ணுங்க’ லிஸ்ட்

சிலர், ஆசை இருந்தாலும் முதல்ல டாக்டர்கிட்ட போகணும். காயம் ஆறினா தடிச்சுத் தழும்பாகிற கீலாய்டு உடம்புக்காரங்க, சர்க்கரை கட்டுக்குள்ள இல்லாதவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க, புருவத்துல சோரியாசிஸ், எக்ஸிமா மாதிரி பிரச்னை இருக்கிறவங்க எல்லாம் இந்த லிஸ்ட்ல வருவாங்க. கர்ப்பமா இருக்கிறவங்க, குழந்தைக்குப் பால் கொடுக்கிறவங்க தள்ளிப்போடுறதே நல்லது. பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுற காலேஜ் மக்கள் கவனம்! அதை நிறுத்தி, பொதுவா ஆறு மாசமாவது போகட்டும்னு சொல்வாங்க. உதட்டுல அடிக்கடி அக்கி மாதிரி கொப்புளம் வர்றவங்க லிப் பிளஷ் போட்டா, அந்த வைரஸ் திரும்ப எழுந்து உட்காரும். முன்னாடியே டாக்டரைப் பார்த்து மாத்திரை எடுக்கணும்.

பின்னாடி எப்போவாவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தா, முகத்துல பச்சை இருக்குனு அங்கே சொல்லிடுங்க. மையில இரும்பு இருக்கிறதால, அபூர்வமா சிலருக்கு அந்த இடம் சூடாகும், வீங்கும். அதுக்காக ஸ்கேன் வேணாம்னு ஓடத் தேவையில்லை. சொன்னா போதும்.

இன்னொண்ணு எங்க ஹாஸ்டல் கதை. நான் கேள்வி கேட்டுக்கிட்டு இருந்தேனா... ரூம்மேட் பொறுக்காம வேற இடத்துல போய்ப் போட்டுக்கிட்டா. நல்லாத்தான் வந்திருக்கு, பொய் சொல்லக் கூடாது. லேபிள் பார்த்து, டெஸ்ட் பண்ணி, ரெண்டு தடவை உட்கார்ந்து, காசு கூடவே செலவு பண்ணினா. ஆனா, அடுத்த மாசம் என்.எஸ்.எஸ். ரத்த தான கேம்ப். வருஷா வருஷம் முதல் ஆளா நிக்கிறவ அவதான். ஃபார்ம்ல ‘பச்சை குத்தினீர்களா?’ங்கிற கேள்விக்கு ‘இல்லை’ போட்டா. அங்கே இருந்த நர்ஸம்மா அவ புருவத்தை உத்துப் பார்த்துட்டு, “இது என்னம்மா?”ன்னாங்க. “மேக்கப் மேடம்!” “எழுந்திரும்மா. அடுத்த வருஷம் வா!”

நம்ம நாட்டுல 2017-ல வந்த ரத்தக் கொடையாளர் தேர்வு விதிமுறைப்படி, பச்சை குத்தினா 12 மாசம் ரத்தம் கொடுக்க முடியாது. அன்னிக்கு ஜூஸும் பிஸ்கட்டும் கிடைக்காத சோகத்தைவிட, ஒரு வருஷத்துக்குத் தன் ரத்தம் யாருக்கும் உதவாதேங்கிறதுதான் அவளுக்குக் கஷ்டமா இருந்துச்சு. “இதை யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா, கேம்ப் முடிச்சுட்டுப் போட்டிருப்பேன்டி”ன்னா. இதோ, உங்களுக்குச் சொல்லியாச்சு!

டோல்கேட் இன்னும் திறந்தே இருக்கு

என் புருவம் என்ன ஆச்சுன்னுதானே கேட்கிறீங்க? அப்படியேதான் இருக்கு. வேண்டவே வேண்டாம்னு முடிவு பண்ணலை. தோல் டாக்டர்கிட்ட காட்டினேன். தழும்பு மேல மை ஒரே சீரா பிடிக்காது, சில இடத்துல பரவும், சில இடத்துல நிக்காதுனு சொன்னார். அந்த இடத்துல முடி நட்டுக்கிற சிகிச்சையும் இருக்காம். அது பத்தியும் படிச்சுக்கிட்டிருக்கேன். அந்தப் பார்லர் மேடத்துக்கு போன் பண்ணி, பெரிய பாட்டிலோட லேபிளை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். மூணு வாரம் ஆச்சு. இன்னும் வரலை.

போன வாரம் ஊருக்குப் போனப்போ, அப்பா டேனரியில இருந்து வந்து, திண்ணையில உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தார். விரல் நகத்துல எப்பவும் போல பிரவுன் சாயம்.

“அப்பா, ஒரு லாட் கலர் தப்பாப்போச்சுன்னா இன்னா பண்ணுவீங்க?”

“இன்னா பண்றது... முதலாளிகிட்ட திட்டு வாங்குவோம். அந்தத் தோலை ஓரமாப் போட்டுட்டு வேற தோல் எடுப்போம்.”

சொல்லிட்டு என் புருவத்தைப் பார்த்தார். நான் எதுவும் சொல்லலை. அவரும் எதுவும் சொல்லலை.

திங்கட்கிழமை காலை, காலேஜ் பஸ்ல ஜன்னலோர சீட். பையில 60 ரூபாய் பென்சில். ஆடுற பஸ்ல கண்ணாடி பார்த்து, அந்த கேப்ல மூணு கோடு போட்டேன். ஒரு கோடு கொஞ்சம் கோணலாப் போயிடுச்சு. எச்சில் தொட்டுத் துடைச்சுட்டு, மறுபடியும் போட்டேன்.